கோடைத் தொடக்கத்தில் வீட்டுத் தோட்டப் பூக்களைச் செம்பில் அமைக்கும் முறை

தாமிரபரணிப் பாசனத்தில் பிசான அறுவடை முடிந்து களத்து நெல் வீடு வந்து சேர்ந்த பின், கார் சாகுபடிக்காக ஜூன் மாதத்தில் கால்வாய்களில் தண்ணீர் விடப்படும் வரையில், குடியானவர்களுக்குச் சிறிது ஓய்வு உண்டு. வயல் காய்ந்து வெடித்துக் கிடக்கும் இந்தப் பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களிலேதான் புறவாசல் தோட்டத்தில் பூக்கள் மலிந்து பூக்கின்றன. மல்லிகைக்கு இதுவே முக்கியமான பருவம். கொன்றை இலை உதிர்த்து, மரம் முழுவதும் பொன்னிறமாகத் தொங்குவதும் இப்பொழுதுதான். கையில் வேலையும் குறைவு, தோட்டத்தில் பூவும் மிகுதி. ஆகவே பூக்களைப் பாத்திரத்தில் அமைத்து வீட்டில் வைக்கும் முறையைப் பற்றி அங்கத்தினர்கள் இக்காலத்தில் அறிந்துகொள்வது பொருத்தமாகும்.

ஜாடியில் பூ வைப்பது பங்களாவாசிகளின் ஆடம்பரம், ஏழைக் குடியானவனுக்கு அதனால் என்ன பிரயோஜனம் என்று சிலர் கேட்கக்கூடும். இக்கேள்விக்கு நம் ஜில்லாவின் வழக்கமே விடை கூறுகிறது. சித்திரை முதல் நாளில் விசுக்கனி காண்பது திருநெல்வேலி, தென்காசி, நாஞ்சில் நாட்டுப் பகுதிகளில் பெரும்பாலான இல்லங்களில் தொன்றுதொட்டு நடந்துவரும் காரியம். முதல் நாள் இரவு வீட்டு எஜமானி பட்டாசாலையிலோ பூஜை அறையிலோ இடத்தை மெழுகிக் கோலமிட்டு, கண்ணாடி ஒன்றை நிறுத்தி, அதன் முன் தாம்பாளத்தில் நெல், மாம்பழம், வாழைப்பழம், பலா, வெள்ளரி, வெற்றிலை பாக்கு, நாணயம், பொன் நகை ஆகியவற்றை வைத்து, பக்கத்தில் நிறை செம்பும் கொன்றைப் பூவும் வைப்பாள். விடியற்காலையில் குழந்தைகளைக் கண்ணைப் பொத்தி அழைத்து வந்து அதன் எதிரில் கண் திறக்கச் செய்வார்கள். அன்று பாபநாசத்தில் ஆற்றில் தீர்த்தமாடக் கூடும் ஜனங்களில் அநேகர் இந்தக் கனியைக் கண்டுவிட்டே புறப்படுகிறவர்கள். செம்பில் பூ அமைக்கும் கலை நம் வீட்டிலேயே இருக்கிறது. வேறிடத்திலிருந்து கடன் வாங்க வேண்டியதில்லை. வருஷத்தில் ஒரு நாள் மட்டும் செய்து வருவதைக் கோடை முழுவதும் செய்யலாம் என்பதும், செய்யுங்கால் சில விஷயங்களில் ஜாக்கிரதை அவசியம் என்பதுமே இப்பாடத்தில் கூற வந்தவை.

முதலில் பூக்களைப் பற்றி. எல்லாப் பூவும் செம்பில் நிற்கும் பூ அல்ல. மல்லிகை, பிச்சி, கனகாம்பரம் ஆகியவை காம்பு குறுகியவை. சரமாகத் தொடுத்துத் தலையில் சூடவும் படத்திற்குச் சாத்தவும் ஏற்றவையேயன்றி, நீரில் நிறுத்தினால் அழகு தரா. வாசனைக்காக இவற்றை வைக்க வேண்டுமானால் அகன்ற வெண்கலக் கும்பாவில் இரண்டு விரற்கடை தண்ணீர் விட்டு, அந்தி நேரத்தில் மொட்டுகளை மிதக்கவிடுவதே நல்ல முறை. இரவில் அவை விரிந்து வீடெங்கும் மணம் பரப்பும். செம்பருத்தியோ நீரில் வைத்தாலும் வைக்காவிட்டாலும் பெரும்பாலும் ஒரே நாளில் வாடிவிடும். அதற்காகத் தண்ணீரையும் இடத்தையும் வீணாக்க வேண்டாம். காலையில் பறித்து அப்படியே தட்டில் வைத்து மாலையில் அகற்றிவிடலாம்.

செம்பில் நிற்கத்தக்கவை காம்பும் கொப்பும் உள்ளவையே. நிலச்சம்பங்கி இவற்றில் தலைசிறந்தது. தண்டின் அடியிலிருந்து நுனி நோக்கி ஒவ்வொன்றாக மலர்ந்துகொண்டே போகும் இயல்புடையதாதலால், அடியில் இரண்டு மூன்று பூக்கள் விரிந்த தருணத்தில் அறுத்தால் பல நாட்கள் தாங்கும். விருட்சிப்பூ (வெட்சி என்று நூல்களில் கூறப்படுவது) கொத்துக் கொத்தாக நின்று, கோடை வெப்பத்தைப் பொருட்படுத்தாது. கோழிக்கொண்டையும் வாடாமல்லியும் உறுதியானவை; பின்னது காய்ந்த பிறகும் நிறம் மாறாது. கேந்திப்பூவை எல்லோரும் அறிவர். நந்தியாவட்டை வெண்மைக்கு உதவும். இலைக்கும் வாசனைக்கும் துளசி, மருக்கொழுந்து, மரு ஆகியவை போதும்; நொச்சிக் கொப்பும் நன்றாக நிற்கும். வேப்பம்பூக் கொத்தைச் செம்பில் வைப்பதை நாம் அதிகம் காண்பதில்லை. வைத்துப் பார்த்தவர்கள் அதன் மென்மையான தேன் மணத்தை மறவார்கள். அரளியைப் பற்றித் தனியே கூறவேண்டியிருப்பதால் அதனைப் பின்னர் எடுத்துக்கொள்வோம்.

பூவைப் பறிக்கும் நேரமே அதன் ஆயுளைப் பெரும்பாலும் நிர்ணயிக்கிறது. பகல் முழுவதும் இலைகளின் வழியாக நீர் ஆவியாகிப் போவதால் பிற்பகலில் செடி வறண்டு தளர்ந்திருக்கும். இரவில் வேர் உறிஞ்சிய நீரால் விடியலில் அது நிறைந்து விறைப்பாக நிற்கும். ஆதலால் சூரியோதயத்திற்கு முன்னரோ, உதயமான சிறிது நேரத்திற்குள்ளாகவோ அறுப்பது உத்தமம். கையால் ஒடிப்பதும் முறிப்பதும் கூடாது. கூரிய கத்தியால் சாய்வாக அறுத்து, உடனே வாளித் தண்ணீரில் பாதியளவு மூழ்கும்படி வைத்து, நிழலான தார்சாவில் இரண்டு மணி நேரம் விட்டுவைக்க வேண்டும். அதன் பின்னரே செம்பில் அமைக்கத் தொடங்கலாம்.

இதற்குக் காரணம் உண்டு. தண்டினுள் மயிரிழையினும் நுண்ணிய நீர்க்குழாய்கள் உள்ளன. அறுபட்ட வாய் காற்றில் இருக்கும்பொழுது அக்குழாய்களில் காற்று புகுந்து அடைத்துக்கொள்கிறது. பின்னர் எவ்வளவு தண்ணீரில் வைத்தாலும் பூவுக்கு அது எட்டுவதில்லை. கிணற்றில் வாளி நிறைய நீர் இருந்தும் கயிறு அறுந்துவிட்டால் என்ன பயன்? ஆகையால் செம்பில் வைப்பதற்கு முன், தண்டின் அடியைத் தண்ணீருக்குள்ளேயே பிடித்து மறுபடியும் ஒரு அங்குலம் அறுத்துவிட வேண்டும். கொன்றை, வேம்பு போன்ற கட்டையான கொப்புகளில் அடியைக் கத்தியால் ஒரு அங்குல நீளம் பிளந்துவிடுதல் நன்று. அம்மிக்கல்லில் வைத்து நசுக்குவோரும் உளர். அது குழாய்களைச் சிதைத்துத் தண்ணீரையும் விரைவில் அழுகச் செய்யுமாதலால் தவிர்க்கத்தக்கது. நீரில் மூழ்கும் இலைகள் அனைத்தையும் உருவிவிட வேண்டும். ஒரே ஒரு இலை அழுகினாலும் செம்புத் தண்ணீர் முழுவதிலும் நுண்கிருமிகள் பெருகி, மேற்கூறிய குழாய்களை அடைத்துவிடும். பூ வாடுவதற்குத் தண்ணீர்க் குறைவைவிடத் தண்ணீரின் அசுத்தமே அநேகமாகக் காரணமாகிறது.

இனிப் பாத்திரம். புதிதாக ஒன்றும் வாங்க வேண்டியதில்லை. வீட்டில் உள்ள செம்பு, பித்தளைச் செம்புகள் வாய் குறுகி அடி பருத்திருப்பதால் இக்காரியத்திற்கென்றே செய்தவை போல் அமைந்துள்ளன. செம்பு உலோகத்தில் வைத்த நீரில் கிருமிகள் எளிதில் பெருகுவதில்லை என்பதும் ஒரு அனுகூலம். வாகைக்குளத்து வெண்கல வேலையைக் கண்டவர்கள் ஒரு பாத்திரத்தின் வடிவம் எத்தகைய நிதானமுடையதாக இருக்க வேண்டும் என்பதை அறிவார்கள். ஆயினும் கடுங்கோடைக்கு எமது தேர்வு மண் கலயமே. காருகுறிச்சி முதலிய ஊர்களில் வேட்கோவர் வனையும் கலயங்களில் நீர் நுண்துளைகள் வழியே கசிந்து ஆவியாவதால் உள்ளிருக்கும் தண்ணீர் எப்பொழுதும் குளிர்ந்திருக்கிறது. வெக்கையான பகலில் பூக்களுக்கு இதைவிட இதமான இடம் கிடையாது. விலையும் சொற்பம், உடைந்தாலும் நஷ்டம் பெரிதன்று. கசிவு தரையை நனைக்காதபடி அடியில் ஒரு தட்டு வைத்தால் போதும். அந்தத் தட்டில் தேங்கும் நீரையும் தினந்தோறும் கொட்டிவிட வேண்டும்.

தண்ணீரில் அரை மூடி எலுமிச்சம்பழத்தின் சாறும் ஒரு சிட்டிகைச் சர்க்கரையும் சேர்த்தால் பூ அதிக நாள் நிற்கும் என்று கூறுவதில் உண்மை உண்டு. புளிப்பான நீரைத் தண்டு எளிதில் உறிஞ்சுகிறது. சர்க்கரை மலருக்கு ஆகாரமாகிறது. ஆனால் அதே சர்க்கரை கிருமிகளுக்கும் ஆகாரமே. தினமும் தண்ணீரை மாற்றும் பழக்கமில்லாத வீடுகளில் இதனால் நன்மையைவிடத் தீமையே மிகும். மேலும், புளிப்பு நீர் செம்பையும் பித்தளையையும் அரித்துவிடுமாதலால், இம்முறையை மண் கலயத்திலோ கண்ணாடிப் பாத்திரத்திலோ மட்டும் கையாள வேண்டும். எமது அபிப்பிராயத்தில், தினம் காலையில் மாற்றப்படும் வெறும் கிணற்றுத் தண்ணீருக்கு ஈடானது வேறில்லை.

கொப்புகள் சாய்ந்து விழாமல் நிற்பதற்குச் சிலர் செம்பின் வாயில் வைக்கோலைத் திணிக்கிறார்கள். வைக்கோல் இரண்டாம் நாளே நாற்றமெடுக்கும். தென்னை ஈர்க்குகளை வாயின் அகலத்திற்கு நறுக்கி, குறுக்கும் நெடுக்குமாக வாய்க்குள் செருகினால் சல்லடை போன்ற கண்கள் உண்டாகும். ஒவ்வொரு கண்ணிலும் ஒரு கொப்பை நிறுத்தலாம். வாய் அகன்ற பாத்திரமாயின் கழுவிய கூழாங்கற்களை அடியில் இட்டு, அவற்றிடையே தண்டுகளைப் பதிக்க வேண்டும். கற்களின் பாரத்தால் பாத்திரமும் எளிதில் கவிழாது. குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் இது சிறிய விஷயமன்று.

அமைக்கும் ஒழுங்கைப் பற்றி நீண்ட விதிகள் தேவையில்லை. நடுவில் நிற்கும் கொப்பு செம்பின் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு மேலே எழுந்தால் கண்ணுக்கு நிறைவாயிருக்கும். இரண்டு மடங்கைத் தாண்டினால் செம்பு சிறுத்துத் தோன்றும். உயர்ந்ததும் மெல்லியதும் நடுவிலும் பின்னாலும் இருக்க, பருத்ததும் நிறம் ஆழ்ந்ததும் வாயை ஒட்டித் தாழ இருக்க வேண்டும். சம்பங்கித் தண்டு மூன்று, அவற்றின் அடியில் விருட்சிக் கொத்து நான்கைந்து, விளிம்பில் துளசி அல்லது மருக்கொழுந்து. ஒரு செம்புக்கு இவ்வளவே போதுமானது. மாலை கட்டும் பழக்கத்தினால் நம்மவர்கள் பூவோடு பூ நெருக்கி இடைவெளியே தெரியாமல் செய்ய விரும்புகிறார்கள். மாலைக்கு நெருக்கம் அழகு. செம்புக்கு இடைவெளியே அழகு. நெருக்கித் திணித்த கொத்தினுள் காற்று புகாமல் வெப்பம் தங்கி, உள்ளிருக்கும் பூக்கள் முதலில் அழுகும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

கொன்றைக்கு மட்டும் இவ்விதி பொருந்தாது. அதன் சரங்கள் ஒரு சாணுக்கு மேற்பட்ட நீளத்தில் கீழ்நோக்கித் தொங்குவன. அவற்றை நிமிர்த்தி நிறுத்த முயல்வது வீண். செம்பை ஒரு முக்காலியின் மேலோ உயர்ந்த பலகையின் மேலோ வைத்து, சரங்கள் விளிம்பைக் கடந்து தொங்கும்படி விட்டுவிட வேண்டும். வேறு எந்தப் பூவும் அதனுடன் சேர வேண்டியதில்லை.

விசுக்கனியில் அநேக இல்லங்களில் நேரும் ஒரு சங்கடத்தை இங்கே குறிப்பிடுவது நலம். இரவு பத்து மணிக்கு அழகாக வைத்த கொன்றை, விடிவதற்குள் இதழ் உதிர்ந்து தாம்பாளத்தில் சிதறிக் கிடக்கிறது. மரத்தின் குற்றம் என்றோ பறித்தவரின் கைராசி என்றோ கூறிக்கொள்கிறார்கள். கொன்றை இயல்பாகவே விரைவில் உதிர்வது என்பது மெய்யே. ஆயினும் பக்கத்திலிருக்கும் பழங்களுக்கும் இதில் பங்கு உண்டு. பழுத்த மாம்பழமும் வாழைப்பழமும் எதிலீன் என்னும் ஒருவகை வாயுவை வெளிவிடுகின்றன. கண்ணுக்குத் தெரியாத இந்த வாயுவே ஒரு பழத்தின் பக்கத்திலுள்ள காய்களையும் பழுக்கச் செய்வது. இதுவே பூக்களை விரைவில் முதிர்ந்து உதிரும்படியும் செய்கிறது. சாம்பிராணிப் புகையிலும் அடுப்புப் புகையிலும் இது உண்டு. மூடிய அறையில் இரவு முழுவதும் பலாச்சுளையும் மாம்பழமும் புகையும் சூழ்ந்திருந்தால் மலர் என்ன செய்யும்? ஆகவே தாம்பாளத்தை இரவே தயார் செய்துவிட்டு, கொன்றையைத் தனியே வேறு அறையில் குளிர்ந்த தண்ணீரில் நிறுத்திவைத்து, விடியலில் குழந்தைகளை எழுப்புவதற்குச் சற்று முன் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். மற்ற நாட்களிலும் பூச்செம்பைப் பழக்கூடையின் அருகிலோ, அடுக்களைப் புகை வரும் வழியிலோ, மேல்காற்று நேரே அடிக்கும் ஜன்னலிலோ வைக்கலாகாது.

இப்பொழுது அரளியைப் பற்றி. இவ்விஷயத்தை அங்கத்தினர்கள் தங்கள் வீட்டு ஸ்திரீகளுக்கும் குழந்தைகளுக்கும் விளங்க எடுத்துச் சொல்லுமாறு வேண்டிக்கொள்கிறோம். செவ்வரளி, வெள்ளரளி இரண்டும் குறைந்த நீரில் தழைத்து, கோடையெல்லாம் பூத்து, ஆடும் மாடும் கடிக்காமல் வேலியாகவும் நிற்பதால் நம் பக்கத்தில் எங்கும் காணப்படுகின்றன. தோவாளையில் தொடுக்கப்பட்டு 2025-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற மாணிக்க மாலைக்கும் அரளிப் பூவும் நொச்சி இலையுமே பிரதானம். மாலையாகத் தொடுக்கும்வரையில் அதனால் அபாயம் இல்லை. தொடுத்தபின் கையை நன்றாகக் கழுவிக்கொண்டால் போதும். ஆனால் அரளியின் வேர், பட்டை, இலை, பூ, பால் அனைத்திலும் இருதயத்தின் துடிப்பைக் குலைக்கும் விஷம் இருக்கிறது. மஞ்சள் நிறப் பூவுடைய தங்க அரளியும் அத்தகையதே. அதன் விதை மிகக் கொடியது. காய்ந்த இலையிலும் விஷம் நீங்குவதில்லை.

அரளிக் கொப்பு நின்ற தண்ணீரிலும் அந்த விஷம் இறங்குகிறது. இதுவே நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது. நம் வீடுகளில் செம்பு என்பது குடிதண்ணீருக்கு உரிய பாத்திரம். கோடையில் தாகத்தோடு ஓடிவரும் குழந்தை செம்பைக் கண்டால் எடுத்துக் குடிக்கத்தான் செய்யும். ஆதலால் அரளியை ஒருபோதும் குடிதண்ணீர்ச் செம்பிலோ, கெண்டியிலோ, தம்ளரிலோ வைக்கலாகாது. வைத்தே தீரவேண்டுமானால், அதற்கென்று ஒரு மண் கலயத்தை ஒதுக்கி, அதன் கழுத்தில் ஒரு சிவப்புக் கயிறு கட்டி, கைக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் அரளியைச் செம்பில் வைக்காமலிருப்பதே மேல் என்பது எமது தீர்மானமான அபிப்பிராயம். அந்தச் செந்நிறத்திற்கு விருட்சிப்பூ இருக்கிறது, அந்த வெண்மைக்குச் சம்பங்கி இருக்கிறது. விசுக்கனித் தாம்பாளத்தில் பழங்களோடு அரளி சேரவே கூடாது.

வாடிய அரளிக் கொப்புகளையும், வேலி கழிக்கும்பொழுது விழும் தழைகளையும் தெருவிலோ தொழுவத்தின் பக்கத்திலோ எறிவது பெருந்தவறு. பச்சைச் செடியைக் கடிக்காத மாடு, மற்றத் தழையோடு கலந்து காய்ந்து கிடப்பதைத் தின்றுவிடுவதுண்டு. கடன் வாங்கி வாங்கிய உழவு மாடு ஒன்றை ஒரு கைப்பிடித் தழையால் இழப்பது எவ்வளவு கொடிய நஷ்டம் என்பதைச் சங்கத்தின் கணக்குப் புஸ்தகம் அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கழித்த தழையைக் குழி தோண்டிப் புதைத்துவிட வேண்டும். எரித்தால் அதன் புகையும் தீங்கானது. குழந்தை எவரேனும் அரளியின் பாகத்தைத் தின்றுவிட்டதாகச் சந்தேகம் ஏற்பட்டால், குமட்டல், வாந்தி தோன்றுகின்றனவா என்று பார்த்துக்கொண்டிராமலும், கைவைத்தியத்தில் காலம் போக்காமலும், அந்தச் செடியின் ஒரு கொப்பையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

அரளியும் நந்தியாவட்டையும் பால் வடியும் செடிகள். அறுத்த இடத்தில் பால் உறைந்து குழாயை அடைத்துக்கொள்வதால் இவை விரைவில் தலை சாய்கின்றன. நந்தியாவட்டையின் அடியை விளக்குச் சுடரில் ஒரு கணம் காட்டியோ, வெந்நீரில் சில விநாடிகள் தோய்த்தோ எடுத்தபின் செம்பில் வைத்தால் இக்குறை நீங்கும். வெந்நீரின் ஆவி பூவில் படாதபடி மேல்பாகத்தைத் துணியால் மூடிக்கொள்வது நலம்.

சுகாதார சம்பந்தமான மற்றொரு விஷயமும் உண்டு. கொசுக்களால் ஜுரம் பரவுகிறதென்பது 1897-ஆம் ஆண்டில் ரொனால்டு ராஸ் சிகந்தராபாத்தில் மலேரியாவைப் பற்றிச் செய்த ஆராய்ச்சியால் நிலைநாட்டப்பட்டது. டெங்கு ஜுரத்தைப் பரப்பும் கொசுவோ சாக்கடையை நாடுவதில்லை, வீட்டிற்குள்ளும் சுற்றிலும் தேங்கியிருக்கும் தெளிந்த நீரையே நாடி முட்டையிடுகிறது, பகலில் கடிக்கிறது. 2012-ஆம் ஆண்டில் திருநெல்வேலி ஜில்லா இந்த ஜுரத்தால் பட்ட துன்பத்தை நம்மில் பெரும்பாலோர் நேரில் கண்டிருக்கிறோம். பூச்செம்பில் நிற்கும் தண்ணீர் அக்கொசுவுக்கு மிகவும் உகந்த இடம். முட்டை பொரித்துக் கொசுவாகிப் பறப்பதற்குக் கோடை வெப்பத்தில் ஒரு வாரம் முதல் பத்து நாள் வரையில் போதும். தண்ணீரைத் தினமும் கொட்டினால் மட்டும் ஆபத்து முற்றிலும் நீங்கிவிடாது. முட்டைகள் நீர்மட்டத்திற்குச் சற்று மேலே பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டிருந்து, பாத்திரம் காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, மறுபடி நீர் பட்டதும் பொரிக்கக்கூடியவை. ஆகவே வாரம் ஒருமுறையாவது செம்பின் உள்ளே தேங்காய் நாரும் புளியும் இட்டு அழுத்தித் தேய்த்துக் கழுவி வெயிலில் கவிழ்த்துவைக்க வேண்டும். இவ்வளவும் செய்ய மனமில்லாதவர்கள் பூச்செம்பு வைக்காமலிருப்பதே ஊருக்கு உபகாரம்.

தோட்டத்திற்கு நீர் எங்கிருந்து என்ற கேள்வி எழலாம். கால்வாய் அடைபட்டு, கிணறும் தாழ்ந்திருக்கும் மாதங்களில் குடிதண்ணீரைப் பூச்செடிக்குச் செலவிடுவதை எவரும் ஆதரியார். அரிசி, காய்கறி கழுவும் நீரையும், நாள்தோறும் மாற்றும் பூச்செம்பு நீரையும் மல்லிகைக்கு விட்டாலே பெரும்பாலும் போதுமானது. சோப்பும் உப்பும் கலந்த நீர் ஆகாது. அடியில் உலர்ந்த வாழைச் சருகையோ நெல் உமியையோ மூன்று அங்குலக் கனத்திற்குப் பரப்பிவைத்தால் ஈரம் விரைவில் போகாது. சித்திரையில் மல்லிகை நிறையப் பூக்க வேண்டுமானால் கார்த்திகை மாதத்திலேயே வேலை தொடங்க வேண்டும். நவம்பர் கடைசியில் செடியைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்திற்குக் கவாத்து செய்து, காய்ந்த கொப்புகளை நீக்கி, செடிக்குப் பத்துக் கிலோ மக்கிய தொழு உரம் இட வேண்டும். இதைச் செய்யாமல் பங்குனியில் செடியைக் குறை கூறுவதில் பயனில்லை.

கோடையில் தண்ணீரும் நிழலும் பூவும் ஒன்றுசேர்ந்த இடம் எவ்வளவு இன்பமானது என்பதை நம் முன்னோர் அறிந்தே இருந்தனர். திருநெல்வேலி நெல்லையப்பர் கோயிலில் 1756-ஆம் ஆண்டில் திருவேங்கடகிருஷ்ண முதலியார் அமைத்த நந்தவனமும், அதன் நடுவே நூறு தூண்களோடு நிற்கும் வசந்த மண்டபமும் இதற்குச் சாட்சி.

சங்கமாகச் செய்யத்தக்க சில காரியங்களும் இதில் உள. விசுவுக்கு முந்திய நாட்களில் ஊரிலுள்ள கொன்றை மரங்கள் படும் பாடு பரிதாபகரமானது. தொரட்டியால் கொப்பை இழுத்து முறிப்பதில் பட்டை உரிந்து, அந்தக் காயத்தின் வழியே மரத்தில் பூச்சியும் அழுகலும் நுழைகின்றன. ஏணி வைத்து அரிவாளால் சரத்தை மட்டும் அறுக்கும் ஆள் ஒருவரைச் சங்கத்தார் நியமித்து, வீட்டுக்கு இரண்டு சரம் என்று பங்கிட்டுக் கொடுத்தால் மரமும் பிழைக்கும், சண்டையும் இராது. எல்லாச் சரங்களையும் அறுத்துவிடாமல் தேனீக்களுக்கும் சிலவற்றை விட்டுவைக்க வேண்டும். மார்த்தாண்டத்தில் 1924-ஆம் ஆண்டில் ஸ்பென்சர் ஹாட்ச் என்பவர் தொடங்கிய கிராம புனருத்தாரண நிலையம் தேனீ வளர்ப்பைக் குடியானவர்களின் உபதொழிலாக்கியதை நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்கிறோம். பூ இல்லாத ஊரில் அத்தொழில் நடவாது.

கொன்றையைப் புதிதாக வளர்ப்பதும் கடினமன்று. அதன் விதையின் தோல் மிகத் தடித்தது. அப்படியே ஊன்றினால் முளைப்பது அரிது. விதையின் ஒரு பக்கத்தைக் கல்லில் சற்று உரசி, ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து ஊன்ற வேண்டும். சில வருஷங்கள் பொறுத்தால் மரம் பூக்கும். செடிகளை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வதும் சங்கக் கூட்ட நாளில் எளிதாக நடக்கத்தக்கது. ஒருவர் மல்லிகைப் பதியன் கொண்டுவந்தால், மற்றொருவர் சம்பங்கிக் கிழங்கு தரலாம். ஒரு காசும் செலவின்றி ஒவ்வொரு வீட்டிலும் நான்கு விதப் பூ உண்டாகும். வீட்டுத் தேவைக்கு மேல் பூக்கிறவர்கள், கோடையில் மல்லிகை எங்கும் மலிந்து விலை இறங்குவதால், தனித்தனியே அரைக் கூடையைச் சங்கரன்கோவில் சந்தைக்கோ தோவாளைச் சந்தைக்கோ எடுத்துச் செல்வதில் பஸ் கூலியும் கட்டாது. பத்து வீட்டுப் பூவை ஒரே கூடையாக்கி, ஒருவர் கொண்டுபோய் விற்று, நிறைப்படி பங்கிட்டுக்கொள்வதே கூட்டுறவின் வழி. பூவை விடியலுக்கு முன் மொட்டாகவே பறித்து, ஈரத்துணி சுற்றி அனுப்ப வேண்டும்.

செம்பில் வாடிய பூக்களை என்ன செய்வது என்று கேட்கலாம். அரளி நீங்கலாக மற்றவை எல்லாம் எருக்குழிக்கு நல்ல சரக்கு. கேந்தியின் வாடிய தலைகளை மட்டும் நிழலில் நன்றாக உலர்த்தி, காகிதப் பையிலிட்டு மேல் தட்டில் வைத்திருந்தால், அடுத்த பருவத்தில் விதைக்க அதுவே போதுமானது.